நூற்றெழுபத்திரண்டு காலாண்டுகள்

பிரெஸ்ட் நகரில் மழை.
ஏழாம் எண் கண்ணாடிக்குப் பின்னால் நான்.
எதிரே கூல்வென் கெர்பிரியான்,
முப்பத்தைந்து வருஷம்
கப்பல்களின் அடிவயிற்றில் துரு சுரண்டியவர்.

"நூற்றெழுபத்திரண்டு காலாண்டு வேண்டும், ஐயா.
உங்களிடம் நூற்றறுபத்தொன்பது."

மூன்று எங்கே?
எண்பத்து நாலில் ஒரு சிப்பிப் பண்ணை.
முதலாளி கூலியைக் கையில் கொடுத்தார்,
ஏட்டில் எழுதவில்லை.
அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.
பண்ணை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன.

ஆதாரம் கேட்டேன்.
இடது கட்டைவிரலைக் கண்ணாடியில் அழுத்தினார்:
சிப்பிக் கத்தி இறங்கிய தழும்பு.
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

வெளியே ஊர்வலம்.
அறுபத்து நாலு வேண்டாம், வேண்டாம் என்று
நனைந்த முரசு.
சுவரில், ஒலி அணைத்த தொலைக்காட்சியில்
கழுத்துப்பட்டை அணிந்த ஒருவர்
கோடு ஏறும் படமொன்றைக் காட்டுகிறார்:
ஆயுள் நீள்கிறதாம்,
கஜானா தாங்காதாம்.
பொய்யென்று சொல்ல மாட்டேன்,
அந்தக் கணக்கை நானும் போட்டுப் பார்த்தவள்.
யாருடைய ஆயுள் என்றுதான்
கோட்டில் எழுதியிருக்கவில்லை.

எழும்போது மேசையைப் பிடித்துக்கொண்டார்.
வலது முழங்கால் மடங்க மறுத்தது.
காலாண்டு, காலாண்டு என்று
காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்;
அந்தக் கால்
தன் ஆண்டுகளை எப்போதோ முடித்துவிட்டது.

"நாளைக்கு வரட்டுமா, அம்மணி?"
"நாளை நாங்களும் வேலைநிறுத்தம்."
அப்போதுதான் சிரித்தார்.
"சரி, தெருவில் பார்ப்போம்."

நாற்காலி காலியாக இருந்த அரை நிமிஷத்தில்
என் சொந்த எண்ணைத் தட்டினேன்.
திரை சுற்றியது,
சுற்றிக்கொண்டே இருந்தது.

மணி அடித்தது.
சீட்டு எண்பத்தேழு.