சில்லறை பாக்கி

டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடேதான் போனேன்
வண்ணார்பேட்டைக் கடைக்கு.
சோத்துப் பையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டு
ஒரு டோக்கன் தந்தார்கள்.
கிழித்துக் கொடுத்தே பழகிய கைக்கு
வாங்குவது கூச்சமாக இருந்தது.

ஹைகிரவுண்டில் ரத்தம் எடுத்து
மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நாலு என்றிருந்தார்கள்.
எங்கள் டெப்போவில் டீசலுக்குத்தான்
அப்படிப் புள்ளி வைத்துப் பேசுவார்கள்.

தள்ளுவண்டியின் ஒரு சக்கரம்
இடது பக்கமே இழுத்தது. எந்த டெப்போ வண்டியோ.

முதலில் ஏறியது கேழ்வரகு பிஸ்கட்.
பிறகு ஓட்ஸ், தேன் கலந்த அவல்,
ஓடுகிற மனிதன் படம் போட்ட பழச்சாறு.
எல்லோருக்கும் பச்சைச் சட்டை.
எல்லோர் மார்பிலும் ஒரு சிவப்பு இதயம்.

பஸ் பாஸில் சிரிக்கிற போட்டோவை நான் நம்புவதில்லை,
திருப்பித்தான் பார்ப்பேன்.
பிஸ்கட்டையும் திருப்பினேன்.
எறும்பு ஊர்ந்த எழுத்து.
மைதா ஐம்பத்திரண்டு, சீனி இருபத்தாறு,
கடைசிப் படிக்கட்டில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு
கேழ்வரகு ஆறு.

"எறங்கும்வே."
வாய்விட்டே சொல்லிவிட்டேன் போல.
பக்கத்தில் புளி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள்
ரெண்டடி தள்ளிப் போனார்.

பழச்சாறு கொக்கிரகுளத்தில் இறங்கியது.
தேன் அவல் அதற்கு முந்தின நிறுத்தத்திலேயே.

பச்சைப்பயறு, சுண்டவத்தல்,
ஒடித்துப் பார்க்க முடியாதபடி
பிளாஸ்டிக் போர்த்திய வெண்டைக்காய்.
நயினார்குளம் மார்க்கெட்டில் பத்து ரூபாய் குறையும்.
ஆனால் அங்கே ஏசி கிடையாது,
உண்மையைச் சொன்னால் அதற்கும்தான் வந்தேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கருப்பட்டி மிட்டாய்.
கொஞ்ச நேரம் நின்றேன்.
வண்டி ஃபுல் என்று கையசைத்துவிட்டு
வந்துவிட்டேன்.

நானூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஐந்நூறை நீட்டினேன்.
சட்டையில் பேராச்சிசெல்வி என்று குத்தியிருந்த பெண்
மிச்சத்துக்கு ரெண்டு மிட்டாய் வைத்தாள்.
"சில்லறை இல்ல அண்ணாச்சி."

அது என்னுடைய வாக்கியம்.
இருபத்திரண்டு வருடமாக நான் சொல்லிவருகிற அதே ராகம்,
முகத்தைப் பார்க்காத அதே பார்வை.

மிட்டாயைத் திருப்பினேன்.
பொய் எழுதக்கூட இடமில்லாத சின்னக் காகிதம்.
"எனக்கு சுகர் இருக்குல்லா தாயி.
பில்லுக்குப் பின்னால எழுதிக் குடு."

சிரித்துவிட்டாள்.
என் காதிலிருந்த பேனாவையே வாங்கி
ரெண்டு என்று போட்டு, வட்டம் சுழித்து,
யாருக்கும் புரியாத ஒரு கையெழுத்து.
எங்களில் ஒருத்தி மாதிரியே.

சனிக்கிழமை காலை முன்னீர்பள்ளத்தில் ஏறினாள்.
பெண்களுக்குக் கட்டணம் இல்லை,
இல்லாத கட்டணத்துக்கு டிக்கெட் உண்டு, கிழித்துக் கொடுத்தேன்.
கைப்பையைத் துழாவி
ரெண்டு ரூபாயை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்:
"கண்டக்டரே, நம்ம எட்டு ரூவா?"
எறங்கும்போது வாங்கிக்கிடும் என்றது வாய்.
கை அதற்குள்
எண்ண ஆரம்பித்திருந்தது.