உரக்கக் கூப்பிடும் எண்

நவம்பரில் முதல் தாள் வந்தபோது
எல்லா எண்களும் வேலிக்குள்ளேயே மேய்ந்துகொண்டிருந்தன.
டி.எஸ்.எச். ஒன்று புள்ளி ஒன்பது.
உனக்கு ஒன்றுமில்லை ரீத்வா, என்றது தாள்.
ஒன்றுமில்லாத நான்
கையுறையோடு தூங்கினேன்.
சீப்பில் வந்த முடியைப் பந்தாகச் சுருட்டி
அடுப்பில் போட்டேன்.
அபிஸ்கோ என்ற பெயர் நாக்குக்கு வராமல்
வயர்லெஸ்ஸில் இரண்டு நொடி ஊமையானேன்,
இருபத்து மூன்று வருஷமாய் அதே தடத்தில்
தாது ரயில் ஓட்டுகிறவள்.

குன்வோர்தான் கேட்டாள், ஊசியின் உறையைப் பிரித்தபடி:
முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா?
ஆமாம். இளஞ்சிவப்பு டப்பா. பாதி விலைக்குப் போட்டிருந்தான்.
பயோட்டின், என்றாள்,
பொய்ச்சாட்சியைப் பெயர் சொல்லி அழைக்கிற மாதிரி.
சோதனைக் குழாய்க்குள் புகுந்து கணக்கைக் கலைக்குமாம் அது.
ஒரு வாரம் நிறுத்து. திரும்ப வா.

இரண்டாம் தாளில் நட்சத்திரங்கள்.
மதியம் மூன்று மணிக்கே நட்சத்திரம் பார்க்கிற ஊர்தான்
டிசம்பர் கிரூனா.
ஆனால் இவை வேறு;
எல்லை தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில்
காவலுக்கு ஒன்று.
வைட்டமின் டி இருபத்தெட்டு.
ஊருக்கே வராத வெயில்
என் எலும்புக்கு மட்டும் வருமா?
ஃபெரிட்டின் ஒன்பது. இதற்குச் சிரித்துவிட்டேன்.
அறுபத்தெட்டுப் பெட்டி இரும்பை
மலைக்கு அந்தப்புறம் நார்விக்கில் கொண்டுபோய்க் கொட்டுகிறேன்.
கொல்லன் தெருவில் ஊசிப் பஞ்சம்.
பி12 மட்டும் நட்சத்திரமில்லாமல் நல்ல பிள்ளையாய் நின்றது.

டி.எஸ்.எச். எட்டு புள்ளி நான்கு.
எட்டா? அப்படியானால் தைராய்டு நிறைய அல்லவா சுரக்கிறது,
பிறகு ஏன் இந்தச் சோர்வு?
அது சுரப்பியின் எண் இல்லை, என்றாள் குன்வோர்.
சுரப்பியை எழுப்புகிறவனுடையது.
மண்டைக்குள் உட்கார்ந்து ஒருவன் கூப்பிடுகிறான்.
அவள் எழவில்லை.
குரலை உயர்த்துகிறான்.
எண் ஏற ஏற
அந்தப் பக்கம் அவ்வளவு மௌனம் என்று அர்த்தம்.

பஸ் நிறுத்தத்தில் தாளை மடித்தேன். விரித்தேன்.

போன குளிர்காலம் முழுக்க பொர்யே கத்தினான்.
எழுந்திரு. சாப்பிடு.
உன்னோடுதான் பேசுகிறேன், சுவரோடா பேசுகிறேன்?
கோபக்காரன் என்று அக்காவிடம் சொன்னேன்.
மார்ச்சில் தலையணையோடு கீழறைக்குப் போய்விட்டான்.
அதன்பின் வீட்டில் சத்தமே இல்லை.
அதைத்தான் நலம் என்று வாசித்தேன்.

இப்போது விடியலில் வெறும்வயிற்றில் ஒரு மாத்திரை,
மிளகைவிடச் சிறியது.
அரைமணி நேரம் காபி கூடாது;
இந்த நாட்டில் அது தண்டனை.
இரும்பு மாத்திரை நான்கு மணிநேரம் தள்ளி,
இரண்டு வண்டியும் ஒரே தடத்தில் வரக்கூடாது.
ஆறு வாரம் கழித்து மறுபடி ஊசி.
அதற்குள் சரியாகிவிடுமா என்றால்
குன்வோர் தோளைக் குலுக்கினாள்.

சமையலறை மேஜையில் தாள் கிடந்தது.
பொர்யே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூக்கருகே பிடித்துப் படித்தான்.
எட்டு என்றால் நிறைய, இல்லையா?

காபிக்கு இன்னும் பதினொரு நிமிஷம் இருந்தது.
நானும் அப்படித்தான் படித்தேன், என்றேன்.
உட்கார்.