பிந்திய ஊளை

கோண்டாவில் கராஜில், கழற்றிய ரயருக்குள்
ஐந்து குட்டிகள்.
"பெட்டை வேண்டாம், பிறகு கரைச்சல்" என்றார் ஞானரூபன்.
பிறவுணியே தெரியட்டும் என்று
ஓட்டோவில் கூட்டிப்போயிருந்தேன்.
அவன் ஒன்றையும் மணக்கவில்லை.
ஓட்டோச் சில்லுக்கு மூத்திரம் பெய்துவிட்டு
றோட்டைப் பார்த்தபடி படுத்துவிட்டான்.

கறுப்புப் பெட்டையொன்று தவழ்ந்து வந்து
முள்ளுக்கம்பி கிழித்த அவன் காதை,
நான்கூடத் தொடமுடியாத காதை,
கவ்வித் தொங்கியது.
உறுமினான்.
கழுத்தை மட்டும் அசைக்கவில்லை.

ஞானரூபன் காசு வாங்கவில்லை.
ஒரு பழஞ்சாக்குத் தந்தார்.

இரவு ரயிலுக்கு
வழக்கம்போல் ஊளையிட்டான் பிறவுணி.
வண்டி இணுவில் தாண்டிப்போய்
தண்டவாளமும் அடங்கினபிறகு
சாக்குக்குள்ளிருந்து
மெல்லிசாய் இன்னொன்று.

பக்கத்து வீட்டில் லைற் எரிந்தது.