ஒட்டாத இடம்

சிலோயே தீவில் இது பதினெட்டாம் நாள் மழை.
மருத்துவமனையின் பின்புறம்
நோல்ஃபா நவெல்கின்
டாங்க் மூடியைத் திறக்கிறாள்.
அளவுகோலின் நுனியில் பசை தடவி
அடிவரை இறக்கி, முப்பது எண்ணி, தூக்குகிறாள்.
இரண்டு விரற்கடை சிவப்பு.

பாதி நிரப்பினால் போதும் என்றது நிர்வாகம்,
போன ஆகஸ்டில். பணம் மிச்சம்.
குறைகுடம் இங்கே கூத்தாடவில்லை,
இரவுதோறும் உள்ளுக்குள் வியர்த்தது
சொட்டுச் சொட்டாய், யாருக்கும் கேட்காமல்.

அடிக்குழாயைத் திருகி
காலி ஜாம் பாட்டிலில் பிடிக்கிறாள்.
மேலே தேன்நிற டீசல். கீழே தண்ணீர்.
எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, சரிதான்.
ஒட்டாத அந்தக் கோட்டில்தான்
குடித்தனம் நடக்கிறது:
கறுத்து, வழவழத்து,
பெயர் கேட்டால் சொல்லாத கூட்டம்.
தரை தண்ணீர், கூரை எண்ணெய்,
சாப்பாடும் கூரையிலேயே.

வாடகை கேட்க வந்தவள்போல்
பாட்டிலை நகத்தால் தட்டுகிறாள்.
"ஃபில்டரை அடைத்தது நீங்கள்தானே?
ஜெனரேட்டர் நின்ற அன்று
மாடியில் ஒருத்தி
செல்போன் வெளிச்சத்தில் பிள்ளை பெற்றாள்."

தண்ணீர் தீரும்வரை வடிக்கிறாள்.
மருந்தை அளந்து ஊற்றுகிறாள்.
வியாழன் படகில் லாரி வரும்.
கழுத்துவரை நிரப்பச் சொல்லும் தாளில்
கையெழுத்துப் போட்டாயிற்று,
மேலாளர் பெயரில்,
அவளே.