மூன்றாம் காலாண்டு: ஒரு விளக்கம்

திரு. லிண்ட்க்விஸ்ட் அவர்களுக்கு,
வருமானம் ஏன் விழுந்தது என்று
ஒரே வரியில் கேட்டிருந்தீர்கள்.
ஒரே வரியில் சொல்லிப் பார்த்தேன்,
மூன்று தாள் கசங்கியது.

நீங்கள் டாலஸில், இருபதாம் மாடியில்.
இங்கே பெகோஸ் ஆற்றுக்கு மேற்கே
ஆகஸ்டில் நிழலுக்கும் தோல் உரியும்.
நானும் கோச்சுரெக்கும் குத்தகைக்கு எடுத்த நிலத்தில்
தொண்ணூற்றாறு வெள்ளைப் பெட்டிகள் நிற்கின்றன,
வாங்க ஆளில்லாத ஃபிரிட்ஜ்கள் போல.
உள்ளே விசிறிகள் ஓயாமல் முனகும்.
அடியில் காட்டு முயல்கள் படுத்திருக்கும்.

கடன் கேட்டு வந்த அன்று
வியாபாரம் எளிது என்றுதான் சொன்னேன்:
நண்பகலில் சூரியப் பலகைகள்
கொட்டிக் கவிழ்க்கும் மின்சாரத்தை
யாரும் சீந்தாதபோது வாங்கு.
சில நாள் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய்
கொண்டுபோ, மேலே காசும் தருகிறேன்
என்று கெஞ்சும்.
பொழுது சாய்ந்து பலகைகள் கண்மூட
ஊரெல்லாம் ஏசியைத் தட்டும் நேரம்
விற்றுவிடு.
பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடுவே
இருப்பதுதான் நம் சோறு.

முதல் வருடம் அப்படித்தான் இருந்தது.
ஒரு செப்டம்பர் மாலை, வெறும் நாற்பது நிமிடம்,
ஐந்து மாதத் தவணையை அடைத்தது.
கோச்சுரெக் அன்றிரவு
பெட்டிகளுக்கு முன் தொப்பியைக் கழற்றினார்.
அவர் மனைவியின் அடக்கத்தன்றுதான்
அதைக் கழற்றிக் கடைசியாகப் பார்த்தது.

ஆனால் லாபத்துக்கு வாசனை உண்டு.
மறு வருடம் சாலைக்கு அப்பால் ஒரு வரிசை.
அடுத்த வருடம் குன்றுக்குப் பின்னால் மூன்று,
எங்களுடையதைவிட இரட்டிப்பு நேரம் தாங்குபவை,
பாதி விலையில் வாங்கியவை.
எல்லோரும் ஒரே பள்ளத்தில் மொண்டு
ஒரே மேட்டில் கொட்டினோம்.
பள்ளம் தூர்ந்தது.
மேடு கரைந்தது.
பருத்தி ஜின்னில் இருபத்திரண்டு வருடம் கணக்கெழுதியவள்,
ஊரே ஒரே பயிர் வைத்தால் விலை என்னாகுமென்று
எனக்குத் தெரியாதா?
தெரியும். தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

இனி, நீங்கள் வட்டமிட்டு அனுப்பிய
ஆகஸ்ட் பத்தொன்பது.
நூற்றுப் பதினொரு டிகிரி.
காற்றாலைகள் சுவரில் மாட்டிய படம்போல் நின்றன.
கிழக்கே பெரிய அனல் நிலையம் ஒன்று
மதியமே படுத்துவிட்டது.
ஏழரைக்குள் விலை ஐயாயிரத்தைத் தொடும்
என்றது கணிப்பு.
விற்பனைத் திரையில் இருக்கும் ஜோலினிடம்
"ஒரு சொட்டு விடாதே" என்றேன்.
ஆறு ஐம்பது.
ஏழு பத்து.
ஏழு இருபத்தைந்து.
மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான கொக்குகள்
அதே மீனுக்கு ஒற்றைக்காலில் நின்றதை
திரை காட்டவில்லை.
எங்கோ ஒன்று பொறுமை இழந்தது.
பிறகு எல்லாம்.
ஏழு நாற்பதுக்குத் தொண்ணூற்று மூன்று டாலர்.
ஏழு ஐம்பதுக்கு அறுபத்தெட்டு.
மறுமுனையில் ஜோலின் சிரித்தாளா என்ன, தெரியவில்லை.
"விடு" என்றேன்.
விட்டாள்.

வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனேன்.
பள்ளி மைதானத்தில் விளக்கெரிய
பையன்கள் பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.
சலவைக் கடையில் யாரோ ஒருவரின் போர்வை
கண்ணாடிக்குப் பின்னால் சுழன்றது.
அந்தப் பனி வருடத்தில்
என் தங்கை மாரிசெலா
அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரத்தைக் காரில் செருகி
இரண்டு இரவு எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.
மூன்றாம் இரவுக்குப் பெட்ரோல் இல்லை.
இன்று அவள் வீட்டு வாசல் விளக்கு
சிமிட்டக்கூட இல்லை.
நின்று பார்த்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினேன்.

நடக்காததை வரவில் எழுத
உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.
நான் போட்டுத் தரவும் கேட்கவில்லை.
தவணைக் காலத்தை
ஒன்பது மாதம் நீட்டித்தால் போதும்.
கோச்சுரெக் இன்னும் நாற்பது பெட்டி வாங்கலாம் என்கிறார்,
விலை இறங்கிவிட்டதாம்.
நான் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒஃபீலியா கிரனாடோஸ்

பி.கு.: முயல்களை விரட்டியாயிற்றா என்று
காப்பீட்டுக்காரர் கேட்டிருந்தார்.
இல்லை.
பத்து மைலுக்கு அங்கே மட்டும்தான் நிழல்.