ஐந்தாம் இலக்கம்

குமாரவேலர் இந்த முறை கேக்கேல்லை எண்டு
பேப்பரில வந்த காலமையே
நெல்லியடிச் சவுண்ட்ஸ்காரன் ஃபோன் எடுத்தான்:
"உன்ர ஓட்டோவை வேற ஆருக்கும் குடுத்திடாதை."

இருபத்திரண்டு வருசம் ஒரே ஆள் இருந்த கதிரை.
அவர் எழும்பின சூடு ஆறமுன்னம்
ஒரே கட்சி, ஒரே சின்னம்,
ஒன்பது இலக்கம்.

மற்றக் கட்சியை ஒருதரும் ஏசேல்லை.
அதுக்கு நேரம் எங்கை?
பக்கத்து இலக்கத்தின்ர போஸ்டருக்கு மேல
பசை காயமுன்னம் தன்ர முகத்தை ஒட்டவேணும்.

திங்கள் நான் மூண்டாம் இலக்கம்.
வல்லிபுரநாதன், சட்டத்தரணி.
"உங்கள் வீட்டுப் பிள்ளை" எண்டு கத்துவன்.
பிள்ளைக்கு வீடு கொழும்பில.

செவ்வாய் ஏழு.
அன்ரன் பிலேந்திரன், சங்கத் தலைவர்.
றோலருக்கு ஒரே மாதத்தில முடிவு,
எந்த மாதம் எண்டு பதிவில இல்லை.

புதன் ஐந்து.
யோகமலர் ரீச்சர், கணக்குப் படிப்பிச்சு ஓய்வெடுத்தவ.
அவவின்ர பென்டிரைவில பாட்டு இல்லை, மேளம் இல்லை,
தானே பேசிப் பதிஞ்சது.
நடுவில ஒரு இருமல்.
வெட்டச் சொல்லேல்லை.
நாகர்கோயிலில இருந்து சுண்டிக்குளம் மட்டும்
பதினாலு தரம் இருமிக்கொண்டு போனம்.

ஒருநாள் பென்டிரைவ் மாறிப்போச்சு.
ஆழியவளை தொடங்கி உடுத்துறை வரைக்கும்
ஏழின்ர படத்தைக் கட்டிக்கொண்டு
மூண்டின்ர குரலில வாக்குக் கேட்டன்.
ஒருதரும் கண்டுகொள்ளேல்லை.
கருவாடு காயப்போட்ட ஒரு மனுசி மட்டும்
காகத்தைக் கலைச்ச தடியைத் தூக்கி நிப்பாட்டி,
"தம்பி, முகம் ஒண்டு வாய் ஒண்டா?" எண்டா.
பிறகு தானே சொன்னா:
"சரி போ, பிழையில்லை."

பிரசாரம் முடிஞ்ச இரவு
ரோட்டு அப்பிடி ஒரு அமைதி.
கடல் இரையிறது கேட்டுது,
எனக்குக் காதுக்குள்ள ஒன்பது இலக்கமும் இரைஞ்சுது.
தாளையடியில வலை பொத்திக்கொண்டிருந்த செபமாலை கேட்டான்:
"எல்லாரையும் நல்லவர் எண்டனீ,
இப்ப ஆருக்கடா போடுறது?"
எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டன்.

பள்ளிக்கூடத்தில, மட்டை மறைப்புக்குப் பின்னால
சின்னத்துக்கு ஒரு புள்ளடி.
பிறகு மூண்டு பேரைத் தெரியலாம்.
மூண்டுக்குப் போட்டன், ஏழுக்குப் போட்டன்.
பென்சில் கொஞ்சம் நிண்டது.
வெல்லமாட்டா,
ஏன் வீணாக்குவான் எண்டு
மூண்டாவதை வெறுமையா மடிச்சன்.

கதிரை மூண்டாம் இலக்கத்துக்கு.
நன்றி சொல்ல வெள்ளை வான் வந்தது,
கண்ணாடி இறக்கேல்லை, மணல் எண்டபடியால்.
ஏழாம் இலக்கத்தின்ர ஃபோன்
நாலுநாள் கூலியோட நிண்டுபோச்சு.

பத்தாம் நாள் பின்னேரம்
ஸ்கூட்டியில வந்து இறங்கினா ரீச்சர்.
மூவாயிரத்துச் சொச்சம் வாக்கு எடுத்தவ.
பையுக்குள்ள கொப்பி, கொப்பிக்குள்ள காசு.
"விடுங்கோ ரீச்சர்" எண்டன்.
"வியாழன் அரைநாள் நீர் எழுதேல்லை,
பெற்றோலும் ரண்டு லீற்றர் குறைச்சுப் போட்டிருக்கிறீர்"
எண்டு கூட்டிக் காட்டினா.
இருமினா.

"செலவுக்கணக்குக் குடுக்கவேணும்,
ஒரு ரசீது எழுதித் தாரும்."

என்னட்டை ஏது ரசீதுப் புத்தகம்?
மகளின்ர கொப்பியில ஒற்றை கிழிச்சன்.
வேட்பாளர் பெயர், இலக்கம் ஐந்து,
தொகை, திகதி.

கையெழுத்து வைக்கிற இடத்தை அவவே
புள்ளடி ஒண்டு போட்டுக் காட்டினா.