மீட்பு மதிப்பு

மாதவரம், மூன்றாவது கிடங்கு.
வெள்ளம் சுவரில் போட்டுப் போன கோடு
என் இடுப்புக்கு ஒரு சாண் மேலே.
டேப்பின் மறுமுனையைத் தனகோடி பிடித்தார்.
நூற்றிப் பதினாறு சென்டிமீட்டர்.

யூரியா கரைந்திருந்தது. அதற்குத் தொகை உண்டு.
பிண்ணாக்கு ஊதிப் புளித்திருந்தது. அதற்கும் உண்டு.
கடைசி அலமாரிக்குப் பின்னால்
எந்த இருப்புக் கணக்கிலும் ஏறாத தகர டப்பாக்கள்:
மேல் தட்டில் பதினொன்று,
கீழ்த் தட்டில்
துருவால் வரைந்த ஆறு வட்டங்கள் மட்டும்.

லேபிளில் மண்டையோடு அழிந்து
பல்வரிசை மிச்சமிருந்தது.
ஃபீனைல் மெர்க்குரி அசிடேட். விதை நேர்த்திக்கு.
"அப்பா காலத்துச் சரக்கு மேடம்," என்றார் பவர்லால்.
"விக்கவும் முடியல, கொட்டவும் முடியல.
சும்மா இருந்துச்சு."

அன்றிரவு படித்தேன்.
வெள்ளைத் தூள். வாசனை கிடையாது.
தண்ணீரில் கரையும், அரைமனதாக,
லிட்டருக்கு நாலு கிராம் சொச்சம்.
பருத்தி விதையோடு டிரம்மில் போட்டு உருட்டினார்கள்.
கரும்புக் கரணையை இதன் உறவுக்கார மருந்தில்
முக்கி எடுத்து நட்டார்கள்.
பூஞ்சை செத்தது, முளை பிழைத்தது.
சொன்ன வேலையைச் செய்த மருந்துதான்.
நேர்த்தி செய்த விதையை யாரும் உலையில் போட்டுவிடாதிருக்கச்
சிவப்புச் சாயம் கலந்தார்கள்.
சாயம் இரண்டு அலசலில் போய்விடும்.
பாதரசம் போகாது.

படிவத்தில் ஒரு கட்டம்: 'இழந்த அளவு'.
அரைக் கிலோ டப்பா, ஆறு. மூன்று கிலோ.
எழுதிவிட்டு அடித்தேன்.
இழந்தது என்றால் இல்லாமல் போனது
என்று எங்கள் கம்பெனிக்கு அர்த்தம்.
இது கொடுங்கையூர் கால்வாய் வழி இறங்கி
பக்கிங்காமில் திரும்பி
எண்ணூர்ச் சேற்றில் போய் உட்காரும்.
சேற்றில் கண்ணுக்குத் தெரியாதவை
அதை வாங்கி, இன்னும் கொடியதாக்கித் தரும்.
மடவை சேறு தின்னும்.
மடவையை நாங்கள் வியாழக்கிழமை தின்றோம்.

மறுநாள் தனகோடி உள்ளங்கையைக் காட்டினார்.
கொப்புளம். கேட்காமலே சொன்னார்:
"அஞ்சுதான் மேடம் தண்ணில போச்சு.
ஒண்ண நான் வீட்டுக்கு எடுத்துனு போனேன்.
நல்ல மூடி."

வியாசர்பாடி, இரண்டாவது மாடி, சமையல் மேடை.
உப்புக்கும் மிளகாய்த்தூளுக்கும் நடுவில்
பளபளவென்று இருந்தது.
லேபிள் இல்லை, பல்வரிசையும் இல்லை.
"சபீனா போட்டு மூணு வாட்டி கழுவினேன்,"
என்றார் அவர் மனைவி பூங்காவனம்.
உள்ளே ரேஷன் சர்க்கரை, முக்கால் அளவு.
எத்தனை நாளாக என்று கேட்க
எனக்கு வாய் வரவில்லை. பிறகு கேட்டேன்.
ஒன்பது நாள்.

இருவரையும் ஆட்டோவில் ஏற்றி
ஸ்டான்லிக்கு அனுப்பினேன், ரத்தம் பார்க்க.
கடையில் ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கித்
தாழ்ப்பாளில் பையோடு மாட்டினேன்.
நூற்றி எண்பது ரூபாய்.

மூலக்கடை சிக்னல். சிவப்பு.
ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில்
பாலித்தீனில் நாலு சுற்றுச் சுற்றி
அது, சர்க்கரையோடு.
மீட்பு மதிப்பு: பூஜ்யம்.
மீட்டவர் எங்கே கொண்டுபோவார் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.
பச்சை விழுந்தது.
பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.